நாற்பது தரம் பார்த்தோம்

மாதத்தில் ஒரு சனிக்கிழமை பொன்னாலைப் பாலத்தைக் கடந்து நான் காரைநகருக்குப் போவது வழக்கம். இரண்டு பக்கமும் பரவைக்கடல். காற்றுக் காலத்தில் ஸ்கூட்டியைப் பிடித்து ஓட்டுவதே பெரும்பாடு. அங்கே பதினான்கு பெண்கள் சேர்ந்த சிறு சேமிப்புக் குழு ஒன்று இருக்கிறது. சிலர் பனையோலைப் பெட்டி இழைப்பவர்கள், சிலர் நண்டுக்கும் இறாலுக்கும் போகிறவர்கள், இரண்டு பேர் தையல். கணவனை இழந்தவர்களும் பிள்ளையைத் தேடிக்கொண்டிருப்பவர்களும் அவர்களில் உண்டு. கணக்குப் பார்ப்பதும், கடன் விண்ணப்பம் நிரப்புவதும், யாருக்காவது கடிதம் எழுதிக் கொடுப்பதும் எனது வேலை.

தைப்பொங்கல் கழிந்த கிழமை நான் போனபோது, கூட்டம் நடக்கும் வீட்டு முற்றத்தில் புதிதாக ஒரு பொருள் நின்றது. மூன்று கால்களின் மேலே ஒரு வெள்ளைக் குழாய். பெண்கள் எல்லோரும் அதைச் சுற்றி நின்றார்கள். "தொடாதேங்கோ, விலை கூடின சாமானாம்" என்று ஒருவரை ஒருவர் எச்சரித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வீட்டு அம்மாவின் மகள்வழிப் பேத்தி லண்டனில் இருந்து வந்திருந்தாள். பல்கலைக்கழக மாணவி. மார்கழித் திருவாதிரைக்கு ஈழத்துச் சிதம்பரத்துக்கு வந்தவள், பொங்கலும் முடியட்டும் என்று நின்றுவிட்டாள். வரும்போது தனது தொலைநோக்கியையும் கமராவையும் உடுப்புகளுக்குள் சுற்றிக் கொண்டு வந்திருக்கிறாள். லண்டனில் இரவு முழுவதும் தெரு விளக்கு வெளிச்சமாம். மழையும் முகிலும் வேறு. "அக்கா, உங்கடை ஊர் வானம் எவ்வளவு இருட்டு எண்டு உங்களுக்குத் தெரியாது" என்று அவள் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எமது ஊரின் இருட்டைப் பற்றி எமக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டுமா?

அன்று கூட்டத்தின் முடிவில் அவள் எல்லோரையும் இரவுக்கு அழைத்தாள். "ஒரு நெபுலாவைப் படம் எடுக்கப் போறன், வாங்கோ" என்றாள். யாரும் உடனே பதில் சொல்லவில்லை. பனையோலைப் பெட்டி இழைக்கும் ஓர் அம்மாதான் கடைசியில் வாய் திறந்தார்.

"எங்களுக்கு வானத்தைப் பாத்தால் பயம்தானே பிள்ளை."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அது வேடிக்கைக்குச் சொன்ன வார்த்தை அல்ல என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

யோசித்துப் பாருங்கள் சகோதரிகளே. எமது தலைமுறைக்கு வானம் என்றால் என்ன? ஹெலி வரும் திசை. பொம்பர் குத்தும் இடம். இரவில் வானத்தில் ஒரு வெளிச்சம் எழுந்தால் அது பரா வெளிச்சம். அதன் பிறகு என்ன வரும் என்று தெரிந்து பதுங்குகுழிக்குள் இறங்கிவிடுவோம். நான் சிறு பிள்ளையாக இருந்த 1990களின் முதற்பாதியில் குடாநாட்டில் மின்சாரம் கிடையாது. ஜாம் போத்தலுக்குள் துளி மண்ணெண்ணெய் விட்டு, திரி போட்டு எரித்த விளக்கில்தான் அ, ஆ எழுதினேன். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமமே எழுந்து நடந்தபோது எனக்கு ஆறு வயது. நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்த அந்தக் கூட்டத்தில் அப்பாவின் தோளில் இருந்தேன். மழை. மேலே பார்க்காதே, கண்ணை மூடு என்று அம்மா சொன்னது மட்டும் நினைவில் இருக்கிறது. அதற்குப் பின்னர் நான் வேண்டுமென்றே வானத்தை அண்ணாந்து பார்த்தது எப்போது என்று எண்ணிப் பார்த்தால், விடை இல்லை.

ஆகையால் அன்றிரவு நான் அங்கேயே தங்குவது என்று முடிவு செய்தேன். பக்கத்து முகாமில் இருப்பவர்கள் ஏதும் நினைக்கக்கூடாது என்று கிராம அலுவலர் மூலம் முன்கூட்டியே சொல்லி வைத்தோம். இரவு ஏழரை மணிக்கு ஐந்து பெண்கள் வந்தார்கள். பெட்டி இழைக்கும் அம்மாவும் வந்தார்.

கடற்கரை மணலில் கால்கள் புதையும் என்பதால் கிணற்றடிச் சீமெந்துத் தரையில்தான் கருவியை நிறுத்தினாள். கசூரினாக் கடற்கரை அங்கிருந்து நடை தூரம். வடக்கே மரங்களுக்கு இடையில் கடல் தெரியும். முதல் வேலை துருவ நட்சத்திரத்தைத் தேடுவது. பூமி சுழல்வதால் வானம் முழுவதும் நகர்கிறது. துருவன் மட்டும் அசையாதது போல நிற்கிறது. கருவியின் அச்சு அதை நோக்கி நிற்க வேண்டும். அப்போதுதான் உள்ளே இருக்கும் மோட்டார், பூமி சுழலும் அதே வேகத்தில் தொலைநோக்கியை எதிர்ப்பக்கம் திருப்பி, ஒரே நட்சத்திரத்தை மணிக்கணக்காகப் பிடித்து வைத்திருக்கும்.

லண்டனில் துருவன் உயரத்தில் நிற்குமாம். எமது ஊர் பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருப்பதால், கையை நீட்டி முட்டியைப் பொத்திப் பிடித்தால் அந்த ஒரு முட்டி உயரம்தான், ஏறக்குறைய 10 பாகை, கடலுக்கு மேலே. நாங்கள் ஐந்து பேரும் வரிசையாகக் கையை நீட்டி முட்டி பிடித்துத் தேடினோம். "கலியாணத்திலை அருந்ததி பாக்கச் சொன்னவை. நான் குனிஞ்ச தலை நிமிரேல்லை, பாத்தன் எண்டு பொய் சொன்னனான்" என்று ஒரு தங்கச்சி சொல்ல, எல்லோரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். அவளுடைய கணவர் 2009இல் இறந்தவர். அவள் கலியாணத்தைப் பற்றிச் சிரித்துப் பேசியதை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அன்று படம் எடுக்கத் தெரிந்தெடுத்தது குதிரைத் தலை நெபுலா. நெபுலா என்றால் வானத்தில் பரந்து கிடக்கும் வாயுவும் தூசியும் சேர்ந்த முகில். தை, மாசி இரவுகளில் தலைக்கு மேலே மூன்று வெள்ளிகள் ஒரே கோட்டில் நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மேல்நாட்டார் ஓரியன் என்ற வேடனின் இடுப்புப் பட்டி என்பார்கள். அதே கூட்டத்தில் சிவந்து தெரிவதுதான் எமது திருவாதிரை. மூன்று வெள்ளிகளில் கிழக்கே இருப்பதன் தெற்குப் பக்கத்தில், நிலவின் அகலமளவு தள்ளி, அந்தக் குதிரைத் தலை இருக்கிறது. வெறுங்கண்ணுக்குத் தெரியாது. சிறிய தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்தாலும் தெரியாது. அவளுடைய தொலைநோக்கியின் வாய் 80 மில்லிமீற்றர், ஒரு சின்னச் சிரட்டையளவு. இதனால் எப்படிப் பிடிப்பது?

அதற்கு இரண்டு வழி என்றாள். ஒன்று, வேண்டாத வெளிச்சத்தைத் தடுப்பது. மற்றது, வேண்டிய வெளிச்சத்துக்காகக் காத்திருப்பது.

வேண்டாத வெளிச்சம் அன்று நிறையவே இருந்தது. மேற்கே அரை நிலவு. வடக்கே கடலில் இழுவைப் படகுகளின் வெளிச்சம். அவள் கமராவுக்கு முன்னால் ஒரு சிறிய வட்டக் கண்ணாடியைப் பூட்டினாள். பார்க்கக் கறுப்பாக, கண்ணாடி வளையல் கடையில் கிடைக்கும் பொட்டுப் போல இருந்தது. அது ஒரு வடிகட்டி. எமது கண்ணுக்குத் தெரியும் நிறங்கள் எல்லாம் ஏறக்குறைய 400 முதல் 700 நனோமீற்றர் வரையான அலைநீளம் கொண்டவை. அந்தக் கண்ணாடி அதில் 656 நனோமீற்றரில் உள்ள ஒரே ஒரு சிவப்பை, ஏழு நனோமீற்றர் அகலத்துக்கு மட்டும், உள்ளே விடும். நிலவொளி, படகு வெளிச்சம், வீதி விளக்கு எல்லாவற்றிலும் பெரும் பகுதி வெளியே நின்றுவிடும்.

ஏன் அந்தச் சிவப்பு? இதை விளங்கப்படுத்த அவள் தமிழுக்குத் தடுமாறினாள். நான் உதவினேன். அடுப்பில் சோற்றுக்கு உப்புப் போடும்போது ஒரு கல் நெருப்பில் விழுந்தால் சுவாலை பளிச்சென்று மஞ்சளாகும், அல்லவா? உப்பிலுள்ள சோடியத்தின் நிறம் அது. அதுபோல ஒவ்வொரு மூலகத்துக்கும் தனக்கென்று நிறங்கள் உண்டு. உலகெங்கும் கூடுதலாக இருக்கும் வாயு ஐதரசன். பக்கத்தில் உள்ள சூடான நட்சத்திரத்தின் கதிர்கள் பட்டு அதன் அணு உடைந்து, மறுபடி கூடும்போது அந்தச் சிவப்பு ஒளியை விடுகிறது. குதிரைத் தலையின் பின்னால் இருப்பது அந்தச் சிவப்புத் திரை. முன்னால் இருப்பது தூசி முகில். அது ஒளியை மறைப்பதால், சிவப்புச் சேலையில் விழுந்த நிழல் போலக் கறுப்பாகத் தெரிகிறது.

"அது எவ்வளவு தூரம்?" என்று கேட்டேன். ஏறக்குறைய 1,400 ஒளியாண்டு. ஒளி ஒரு வருடத்தில் ஓடும் தூரம் ஒன்பதரை இலட்சம் கோடி கிலோமீற்றர். அப்படி 1,400 வருட ஓட்டம். அப்பரும் சம்பந்தரும் தேவாரம் பாடிய நூற்றாண்டில் புறப்பட்ட வெளிச்சம், காரைநகரில் ஒரு கிணற்றடிக்கு அன்றிரவு வந்து சேர்ந்தது.

எட்டு மணிக்கு முதல் படத்தைத் தொடங்கினாள். கமராவின் கண் ஐந்து நிமிடம் திறந்தே இருக்கும். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஐந்து நிமிடம் முடிந்து கணினித் திரையில் படம் வந்தது. சாம்பல் நிறத்தில் மணல் தூவியது போல ஒரு சதுரம். சில வெள்ளைப் புள்ளிகள். நடுவில் ஏதோ ஒரு அழுக்கு.

"இதுக்கோ எங்களைக் கூப்பிட்டனீ?" என்று ஒருவர் கேட்டே விட்டார்.

"இது ஒண்டுதான் அன்ரி. இன்னும் முப்பத்தொன்பது இருக்கு" என்றாள் அவள்.

ஒரே படத்தில் நெபுலாவின் வெளிச்சமும் உண்டு, கமராவின் இரைச்சலும் உண்டு. இரைச்சல் என்றால் காதில் கேட்பதல்ல. படத்தில் தூவிக் கிடக்கும் பொய்ப் புள்ளிகள். இரைச்சல் ஒவ்வொரு படத்திலும் வேறு வேறு இடத்தில் விழும். நெபுலா எல்லாப் படத்திலும் அதே இடத்தில் இருக்கும். ஆகவே பல படங்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துச் சேர்த்தால், இடம் மாறுவது ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மெலியும். இடம் மாறாதது திரண்டு வரும். நான்கு படம் சேர்த்தால் இரண்டு மடங்கு தெளிவு. பதினாறு சேர்த்தால் நான்கு மடங்கு. அவசரப்பட்டால் ஒன்றும் கிடையாது.

காத்திருக்கும்போது வீட்டு அம்மா இஞ்சித் தேத்தண்ணி கொண்டு வந்தார். தைப் பனி இறங்கத் தொடங்கியது. தொலைநோக்கியின் வாயில் பனி படியாமல் இருக்க அவள் சூடேறும் ஒரு பட்டியைச் சுற்றிக் கட்டினாள். "அதுக்கும் மப்ளரோ" என்றார் ஒருவர்.

அப்போதுதான் அந்தக் குதிரைத் தலையை முதலில் கண்டவரைப் பற்றி அவள் சொன்னாள். வில்லியமினா பிளெமிங் என்ற பெண். 1857இல் ஸ்கொட்லாந்தின் டண்டியில் பிறந்தவர். கணவனோடு அமெரிக்காவின் பொஸ்டன் நகருக்குப் போனார். அங்கே வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோது கணவன் கைவிட்டுப் போய்விட்டான். தெரியாத ஊர், துணை இல்லை. பிழைப்புக்காக ஒரு வீட்டில் வேலைக்குச் சேர்ந்தார். அந்த வீட்டுக்காரர் எட்வேர்ட் பிக்கரிங், ஹார்வார்ட் வான் ஆய்வுநிலையத்தின் பணிப்பாளர். அவர் இந்தப் பெண்ணின் கெட்டித்தனத்தைக் கண்டு ஆய்வுநிலையத்தில் வேலை கொடுத்தார். 1881இல் நிரந்தரப் பணி. வானத்தைப் படம் பிடித்த கண்ணாடித் தட்டுகளை உருப்பெருக்கிக் கண்ணாடியால் ஒவ்வொன்றாகப் பார்ப்பதுதான் வேலை. 1888இல் எடுத்த ஒரு தட்டில், வெளிச்சத்தின் ஓரத்தில் ஒரு கறுப்புக் குழிவு இருப்பதை அவர் கண்டு குறித்தார். அதுதான் குதிரைத் தலை. தனது வாழ்நாளில் 59 நெபுலாக்களையும், முந்நூறுக்கு மேற்பட்ட மாறும் நட்சத்திரங்களையும், 10 புது நட்சத்திர வெடிப்புகளையும் கண்டறிந்தார்.

ஆனால் அந்தத் தட்டிலிருந்து கண்டவை முதலில் ஒரு பட்டியலில் வெளியானபோது அவருடைய பெயர் அதில் இல்லை. பணிப்பாளரின் பெயர்தான் இருந்தது. 1908இல் வந்த அடுத்த பட்டியலில்தான் உரிய இடம் கிடைத்தது. 1900ஆம் ஆண்டு அவர் எழுதிய நாட்குறிப்பில், தனக்கு வருடம் 1,500 டொலர், ஆண் உதவியாளர்களுக்கு 2,500 டொலர் என்று மனம் நொந்து எழுதியிருக்கிறார். இதைக் கேட்டதும் நண்டு உடைக்கப் போகும் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அங்கையும் அப்பிடித்தானோ?" என்றார். ஆணுக்கும் பெண்ணுக்கும் கூலி வித்தியாசம் என்பதை அவருக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

எமது பக்கத்திலும் ஒரு பெயர் உண்டு. காரைநகரில் பிறந்து வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் படிப்பித்த ஆலன் ஆபிரகாம், 1910இல் வந்த ஹேலி வால்வெள்ளியைப் பற்றிக் கணித்து எழுதியவர். லண்டன் ராயல் வானியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. இந்த ஊர் மண்ணில் நின்று வானத்தைப் பார்த்தது நாங்கள் முதல் ஆட்கள் அல்ல.

பத்து மணி கடந்தது. பேச்சு ஓய்ந்தது. கணினித் திரையும் சிவப்பு நிறத்துக்கு மங்கலாக்கப்பட்டிருந்ததால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. அந்த இருட்டில், பெட்டி இழைக்கும் அம்மா என் பக்கத்தில் இருந்து மெல்லப் பேசத் தொடங்கினார்.

அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1991இல் காரைநகர் இடம்பெயர்ந்தபோது கைக்குழந்தையோடு வெளிக்கிட்டவர். வன்னியில் இருந்தார். கணவர் நோயில் இறந்தார். அந்தக் கைக்குழந்தை 2009இல் பதினெட்டு வயது இளைஞன். அந்த வைகாசியில் காணாமற்போனான். அம்மா மறுவருடம் தனியாக ஊருக்குத் திரும்பினார். இவ்வளவும் எனது கோப்பில் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன்னர், நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரே இருப்பில், நாற்பது நிமிடத்தில் எழுதிய விபரம். அந்தக் கிழமைக்குள் அறுபது படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. பெயர், வயது, காணாமற்போன இடம், திகதி, கடைசியாகக் கண்டவர். அம்மா ஒவ்வொரு கேள்விக்கும் ஓரிரு சொல்லில் பதில் சொன்னார். நான் கீழே "அதிகம் பேசுவதில்லை, விரக்தியில் இருக்கிறார்" என்று குறித்தேன். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது, ஒருவரின் நம்பிக்கையைப் பெற்ற பிறகே கேள்வி கேட்க வேண்டும் என்று படித்தவள் நான். பரீட்சையில் அதை எழுதி நல்ல புள்ளியும் வாங்கியவள்.

அன்றிரவு அந்த அம்மா சொன்னது இதுதான்: "அவன் இடக்கையன் பிள்ளை. விளக்கை எல்லாரும் இடப்பக்கம் வைச்சுப் படிப்பினம். அவனுக்கு வலப்பக்கம் வைக்கவேணும், இல்லாட்டி கை நிழல் கொப்பியிலை விழும். நான் இப்பவும் விளக்குக் கொளுத்தினால் வலப்பக்கம்தான் வைக்கிறனான். கறன்ற் வந்தும் அந்தப் பழக்கம் போகேல்லை."

இத்தனை வருடங்களில் எத்தனை தரம் அவர் வீட்டுக்குப் போயிருப்பேன்! மேசையின் வலப்பக்கத்தில் அந்த விளக்கு இருப்பதைக் கண்டும் இருக்கிறேன். என்ன ஏது என்று கேட்டதில்லை. எனது படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருக்கவில்லை.

இடையில் ஒரு நாய் ஓடி வந்து கருவியின் காலில் இடித்தது. அந்தப் படத்தில் நட்சத்திரம் எல்லாம் கோடாகிவிட்டது. ஒன்றில் மெல்லிய முகில் கடந்தது. இரண்டில் காற்று அசைத்தது. நான்கு படங்களை அவள் கழித்தாள். பழுதானதைச் சேர்த்தால் நல்லதும் கெடும் என்றாள். மிச்சம் முப்பத்தாறு. மொத்தம் மூன்று மணித்தியால வெளிச்சம்.

எல்லாம் முடிந்ததும் தொலைநோக்கியின் மூடியைப் போட்டுவிட்டு மறுபடி படம் எடுக்கத் தொடங்கினாள். மூடிக்கொண்டு எதைப் படம் எடுப்பது? நான் கேட்டேன். "கமரா தானாகவே போடுற புள்ளிகளும் இருக்கு அக்கா. வானத்திலை இருந்து வந்தது எது, கமராவிலை இருந்து வந்தது எது எண்டு பிரிக்கவேணும். அதுக்கு இருட்டைப் படம் எடுத்து, பிறகு கழிக்கிறது." கமராவை எவ்வளவு குளிராக வைத்திருந்தாலும் இது தேவையாம். நான் சும்மா தலையாட்டினேன். ஆனால் "விரக்தியில் இருக்கிறார்" என்ற வரி மனதில் வந்து நின்றது. அது அம்மாவிடம் இருந்து வந்ததா, அன்று அறுபது படிவத்தோடு அலைந்த என் களைப்பிலிருந்து வந்ததா?

நள்ளிரவு தாண்டிவிட்டது. இரண்டு பேர் போய்விட்டார்கள். மிச்சப் பேர் கணினியைச் சுற்றிக் குந்தியிருந்தோம். அவள் படங்களை ஒன்றன் மேல் ஒன்றாகச் சேர்த்தாள். நான்கு. ஒன்பது. பதினாறு. மணல் தூவியது போல இருந்த சாம்பல் மெல்ல மெல்ல அடங்கியது. முப்பத்தாறும் சேர்ந்தபோது முதற்படத்தின் ஆறு மடங்கு தெளிவு. முதலில் அழுக்கு என்று நாங்கள் நினைத்தது, கழுத்தை வளைத்து நிற்கும் ஒரு குதிரையின் தலையாக இருந்தது. பிடரியும் மூக்கும் தெரிந்தன. பின்னால் சீலையின் மடிப்புப் போல மெல்லிய வரிகள். யாரும் பேசவில்லை.

பெட்டி இழைக்கும் அம்மா நெடுநேரம் பார்த்தார். பிறகு அந்தப் பிள்ளையிடம் கேட்டார்:

"இல்லாத ஒண்டை உப்பிடி எத்தனைதரம் கூட்டினாலும் வருமோ?"

எனக்கு நெஞ்சு திக்கென்றது. ஏதாவது சொல்லிப் பேச்சை மாற்ற வேண்டும் என்று நினைத்தேன். எங்கள் வேலையில் நாங்கள் அப்படித்தான் பழகியிருக்கிறோம். ஆனால் அந்தப் பிள்ளைக்கு அம்மாவின் கதை தெரியாது. உள்ளபடியே சொன்னாள்.

"வராது அன்ரி. ஆயிரம் படம் எடுத்தாலும் இல்லாதது வராது. உண்மையாய் இருந்தால்தான் வரும்."

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அவன் இருந்தவன் பிள்ளை. அப்பிடி ஒரு பெடியன் இருக்கேல்லை எண்டு ஒருத்தரும் சொல்லேலாது."

அவர் அழவில்லை. நான்தான் அழுதேன். இருட்டாக இருந்தது நல்லதாயிற்று.

சகோதரிகளே, காணாமற்போன பிள்ளை திரும்புவான் என்று ஒரு தொலைநோக்கி சொல்லாது. நானும் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. எங்கே, என்ன நடந்தது என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு. அந்தக் கேள்வியை நாம் விடப்போவதும் இல்லை. ஆனால் ஒரு மனிதன் இருந்தான், இப்படி இருந்தான் என்பதைத் திரட்டி எடுக்கும் வேலை எமது கையில் இருக்கிறது. அது ஒரு படிவத்தில், ஒரு நாளில் முடியாது. ஒரு நாள் ஒரு சிறு வெளிச்சம் வரும், பல நாள் வெறும் இரைச்சல்தான் வரும். ஒவ்வொன்றையும் எடுத்து வைத்துச் சேர்க்க வேண்டும்.

அந்த இரவுக்குப் பிறகு எனது வேலையில் சில மாற்றம் செய்தேன். முதற் சந்திப்பில் கோப்பைத் திறப்பதில்லை. படிவம் கட்டாயம் என்றால் அதை நிரப்பிவிட்டு, அதோடு ஒரு வெறுங்கொப்பியையும் வைத்திருக்கிறேன். போகும் ஒவ்வொரு தடவையும் அவர்களாகச் சொல்லும் ஒரு விடயத்தை மட்டும் திகதி போட்டு எழுதுகிறேன். எனது அபிப்பிராயத்தை வேறு பக்கத்தில் எழுதுகிறேன், கலப்பதில்லை. அம்மாவின் கோப்பில் "விரக்தியில் இருக்கிறார்" என்ற வரியை வெட்டிவிட்டு "இடக்கையன். விளக்கு வலப்பக்கம்" என்று எழுதினேன்.

நீங்களும் இதைச் செய்யலாம். இருபத்தைந்து, முப்பது பக்கக் கொப்பி ஒன்று போதும். இழந்தவரைப் பற்றி ஒரு நாளுக்கு ஒரு வரி. எழுத வராவிட்டால் பேரப்பிள்ளையிடம் சொல்லி எழுதுவியுங்கள். அவர் எந்தக் கறிக்கு இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார், எந்தப் பாட்டை முணுமுணுத்தார், செருப்பு எந்தப் பக்கம் தேயும். சின்ன விடயம் என்று தள்ள வேண்டாம். ஒரு வரியில் ஆளைத் தெரியாது. பல வரி சேர்ந்தால் தெரியும்.

மற்றது, தை, மாசி இரவில் ஒரு தரம் முற்றத்துக்கு வாருங்கள். வெளி லைற்றை நிற்பாட்டி, கண்ணுக்கு ஒரு கால்மணி நேரம் இருட்டைப் பழக்குங்கள். தலைக்கு மேலே மூன்று வெள்ளிகளைத் தேடுங்கள். அவற்றுக்குத் தெற்கே, தொங்கும் வாளைப் போல, மங்கலாக ஒரு புகைப்பொட்டுத் தெரியும். அதுவும் ஒரு நெபுலா. அதைப் பார்க்கக் கருவி தேவையில்லை. அங்கே இப்போதும் புதிய நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கின்றன. அந்த வானத்திலிருந்து எம்மீது எதுவும் விழாத ஓர் இரவில் நின்று அதைப் பார்ப்பது எமக்கும் உரியதுதான்.

அந்தப் பிள்ளை லண்டனுக்குப் போய்விட்டாள். போகுமுன் அந்தப் படத்தை யாழ்ப்பாணத்தில் அச்சடித்துக் குழுவில் எல்லோருக்கும் ஒவ்வொன்று கொடுத்தாள். மாசியில் நான் போனபோது பெட்டி இழைக்கும் அம்மா ஓலையைக் கிழித்துக்கொண்டே, நான் கேளாமலே சொன்னார்: "அவனுக்குப் பிலாக்கொட்டைக் கறி எண்டால் உயிர்." கொப்பியை எடுத்துத் திகதி போட்டு எழுதினேன். அன்றைக்கு அது போதும் என்று மூடி வைத்துவிட்டு, நானும் ஓர் ஓலையைக் கையில் எடுத்தேன்.